பிரிட்டனுக்குக் கணவன், மனைவியை அழைக்க வருமான நிபந்தனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் இருப்பவர் ஊரிலிருந்து கணவனையோ மனைவியையோ கூப்பிட்டுக்கொள்ள ஸ்பவுஸ் விசா வேண்டும். அதில் ஆட்களைத் தடுக்கிவிழ வைப்பது வருமான நிபந்தனைதான். கையில் போதுமான சம்பளம் இருப்பவருக்கே விசா மறுக்கப்படுவதுண்டு. விண்ணப்பத்தை முடிவு செய்யும் அதிகாரியான கேஸ்வொர்க்கர் பார்ப்பது காகிதத்தை. எந்தப் பணம், யார் கணக்கில், எந்த மாதங்களில் வந்தது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை அந்தப் பணமே இல்லை. கீழே உள்ள தொகைகள் 2025 இறுதி நிலவரப்படியானவை. கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும். விண்ணப்பிக்கும் வாரத்தில் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

இந்த நிபந்தனை யாருக்கு?

அழைப்பவர் (ஸ்பான்சர்) பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடியுரிமை உள்ளவராகவோ, நிரந்தர வதிவிட உரிமை பெற்றவராகவோ, அகதி அந்தஸ்து பெற்றவராகவோ இருந்தால் அவருடைய துணை வருவது ‘அபென்டிக்ஸ் எஃப்எம்’ என்ற விதிகளின் கீழ். இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றியது.

ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலைக்குப் போனவரின் மனைவிக்கு இது பொருந்தாது. அவர் டிபென்டன்ட் விசாவில் வருவார். அதற்குக் கணக்கில் 28 நாள் இருக்க வேண்டிய தொகை துணைக்கு 285 பவுண்டு, முதல் குழந்தைக்கு 315, அடுத்தடுத்த குழந்தைக்குத் தலா 200. ஆனால் 2024 மார்ச் 11 முதல் புதிதாகக் கேர் வொர்க்கர் விசா பெறுபவர்கள் குடும்பத்தை அழைக்க முடியாது. முகவர்கள் இந்த இரண்டு வழிகளையும் குழப்பிச் சொல்வது அடிக்கடி நடக்கிறது. எந்த விசாவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்?

வருடத்துக்கு 29,000 பவுண்டு, வரி பிடிப்பதற்கு முன். 2012 ஜூலை 9 முதல் இது 18,600 ஆக இருந்தது. முதல் குழந்தைக்கு 3,800, அடுத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 2,400 கூடும். 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 ஆனது. குழந்தைகளுக்கான கூடுதல் தொகை அன்றோடு போயிற்று. எத்தனை குழந்தைகள் கூட வந்தாலும் அதே 29,000தான்.

குறைந்தபட்சக் கூலியோடு ஒப்பிட்டால் இதன் கனம் புரியும். 2025 ஏப்ரலில் அது 21 வயது நிரம்பியவருக்கு மணிக்கு 12.21 பவுண்டு ஆனது. வாரம் 40 மணி நேரம், 52 வாரமும் வேலை செய்தால் 25,396 பவுண்டு வரும். 29,000 தொட வேண்டுமானால் அதே கூலியில் வாரம் 46 மணி நேரம் உழைக்க வேண்டும். சூப்பர் மார்க்கெட்டிலோ கிடங்கிலோ வேலை செய்பவருக்கு ஒரே வேலையின் சம்பளம் பெரும்பாலும் போதாது.

38,700 ஆகப் போகிறது என்கிறார்களே?

முந்தைய அரசு 34,500, பிறகு 38,700 என்று படிப்படியாக உயர்த்தத் திட்டமிட்டிருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய அரசு அதை நிறுத்திவைத்து, குடியேற்ற ஆலோசனைக் குழுவிடம் ஆய்வு கேட்டது. 2025 ஜூனில் வந்த அறிக்கை 38,700 என்ற அளவை ஆதரிக்கவில்லை. அதற்குப் பிறகும் தொகை 29,000லேயே நிற்கிறது. குறையும் என்று காத்திருப்பதும், ஏறும் என்று பயந்து ஆவணம் பாதியில் இருக்கும்போதே விண்ணப்பிப்பதும் ஒரே மாதிரி ஆபத்து.

என் மனைவி 2023இல் வந்தார். நீட்டிப்புக்கு 29,000 வேண்டுமா?

வேண்டாம். 2024 ஏப்ரல் 11க்கு முன் ஸ்பவுஸ் விசாவுக்கு விண்ணப்பித்து அது கிடைத்து, அதே துணையோடு நீட்டிப்பவருக்குப் பழைய 18,600தான். குழந்தைகளுக்கான பழைய கூடுதல் தொகையும் சேரும். ஆனால் மொத்தம் 29,000ஐத் தாண்டாது.

ஊரில் இருக்கும் துணையின் சம்பளத்தைச் சேர்க்கலாமா?

முடியாது. சென்னையில் ஐடி கம்பெனியில் மாதம் இரண்டு லட்சம் வாங்கினாலும் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. பிரிட்டன் வந்ததும் அந்த வேலை நின்றுபோகும் என்பதால். விண்ணப்பிப்பவர் ஏற்கெனவே பிரிட்டனில், வேலை செய்யும் அனுமதியோடு இருந்தால் மட்டும் அவர் சம்பளமும் சேரும். ஆனால் அவருடைய சேமிப்பு, வாடகை வருமானம், ஓய்வூதியம் மூன்றும் எந்த நாட்டில் இருந்தாலும் சேரும். பலர் இதைக் கவனிக்காமல் ஸ்பான்சரின் பேஸ்லிப்பை (சம்பளச் சீட்டை) மட்டும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள்.

ஏ பிரிவு, பி பிரிவு என்றால் என்ன?

சம்பளக்காரருக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் பொருந்தும்.

ஏ பிரிவு: ஒரே முதலாளியிடம் 6 மாதமோ அதற்கு மேலோ வேலை, அந்த 6 மாதமும் தேவையான அளவு சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு 6 மாதங்களில் மிகக் குறைந்த சம்பளம் எந்த மாதமோ அதை எடுத்து ஆண்டுக்குக் கணக்கிடுவார்கள். 29,000 என்பது மாதம் 2,416.67. ஐந்து மாதம் 2,600 வந்து ஒரு மாதம் மட்டும் 2,300 வந்திருந்தால் உங்கள் வருமானம் 27,600 என்றே எழுதப்படும். சம்பளமில்லா விடுப்பு எடுத்த மாதமும், சம்பள உயர்வுக்கு முந்தைய மாதமும் காலை வாருவது இப்படித்தான்.

பி பிரிவு: வேலை மாறி 6 மாதம் ஆகவில்லை, அல்லது 6 மாதமாக இருந்தும் எல்லா மாதமும் அந்த அளவு வரவில்லை. இதில் இரண்டு சோதனை. விண்ணப்பிக்கும் நாளில் இருக்கும் சம்பளம் ஆண்டுக்கு 29,000 இருக்க வேண்டும். அதோடு முந்தைய 12 மாதங்களில் உண்மையில் கைக்கு வந்த மொத்தச் சம்பளமும் 29,000ஐ எட்ட வேண்டும். அந்த 12 மாதத்தில் எத்தனை முதலாளிகள் இருந்தாலும் பரவாயில்லை, இடையில் வேலையில்லாத காலம் இருந்தாலும் பரவாயில்லை, மொத்தம் வந்தால் போதும்.

புது வேலையில் 35,000 சம்பளத்துக்குச் சேர்ந்த மறுமாதமே விண்ணப்பித்து மறுக்கப்படுபவர்கள் இரண்டாவது சோதனையில் விழுகிறார்கள். முந்தைய ஆண்டு சம்பளம் குறைவு என்றால் 6 மாதம் பொறுத்து ஏ பிரிவில் போவதுதான் வழி.

மணிக்கூலி. மாதாமாதம் தொகை மாறுகிறது. எப்படிக் கணக்கிடுவார்கள்?

மணிக்கூலிக்காரருக்குக் குறைந்த மாதம் என்ற விதி இல்லை, சராசரி உண்டு. 6 மாத மொத்தத்தை 6ஆல் வகுத்து 12ஆல் பெருக்குங்கள். இத்தனை மணி நேரம் வேலை என்ற உறுதி இல்லாத ஜீரோ ஹவர்ஸ் ஒப்பந்தத்துக்கும் ஏஜென்சி வேலைக்கும் இதே முறைதான். ஒரு மாதம் குறைந்தாலும் அடுத்த மாதம் கூடுதலாகச் செய்து ஈடுகட்டலாம் என்பதால், இந்த ஒரு விஷயத்தில் மணிக்கூலிக்காரருக்கு வசதி அதிகம்.

ஆகவே முதலாளியின் கடிதத்தில் ‘மாதச் சம்பளம்’ என்று இருக்கிறதா ‘மணிக்கு இவ்வளவு’ என்று இருக்கிறதா என்பது முக்கியம். கடிதம் ஒன்று சொல்லி பேஸ்லிப் வேறொன்று சொன்னால், கேஸ்வொர்க்கர் உங்களுக்குச் சாதகமான முறையைத் தேர்ந்தெடுப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மாதச் சம்பளக்காரரின் ஓவர்டைம், கமிஷன், போனஸ் எல்லாமும் சேரும். கடந்த 6 மாதத்தில் அந்த வகையில் வந்ததன் மாதச் சராசரியை 12ஆல் பெருக்கி அடிப்படைச் சம்பளத்தோடு கூட்டுவார்கள்.

இரண்டாவது வேலையின் சம்பளத்தையும் கூட்டலாம். அதற்கும் முழு ஆவணங்கள் தனியாக வேண்டும். யுனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், வீட்டு வாடகை உதவி போன்ற அரசு உதவி எதுவும் 29,000இல் சேராது.

சம்பளத்துக்கு என்னென்ன ஆவணம்?

ஏ பிரிவுக்கு 6 மாத பேஸ்லிப், அதே 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். பி பிரிவுக்கு முதல் இரண்டும் 12 மாதத்துக்கு. முதலாளி ஆண்டு முடிவில் தரும் சம்பள, வரிச் சான்றான பி60 இருந்தால் கூட வையுங்கள்.

முதலாளி கடிதத்தில் நான்கு செய்திகள் இல்லாமல் தீராது: வேலையில் இருப்பதும் ஆண்டுச் சம்பளமும், எவ்வளவு காலமாக வேலை, இப்போதைய சம்பளம் எப்போதிலிருந்து, வேலை எந்த வகை (நிரந்தரம், குறித்த காலம், ஏஜென்சி). கம்பெனியின் எச்ஆர் பிரிவு வழக்கமாகத் தரும் இரண்டு வரிக் கடிதத்தில் மூன்றாவது செய்தி விட்டுப்போயிருக்கும். வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டுபோய்க் கையெழுத்து கேளுங்கள், தவறில்லை.

ஒவ்வொரு பேஸ்லிப்பின் நிகரத் தொகையும் ஸ்டேட்மென்டில் அதே பைசாவோடு விழுந்திருக்க வேண்டும். ரயில் பாஸ் கடன், முன்பணம் என்று ஏதாவது பிடித்துத் தொகை மாறினால் கடிதத்தில் அதற்கு ஒரு வரி விளக்கம் வேண்டும். கடைசி ஆவணத்தின் தேதி, விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 28 நாளுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் கட்டணம் கட்டும் நாள். விஎஃப்எஸ் என்ற விசா விண்ணப்ப மையத்தில் கைரேகை வைக்கும் நாள் இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு, கட்டணம் கட்டிய பிறகு வந்த பேஸ்லிப்பை ஆறாவது மாதமாக எண்ணுபவர்கள் உண்டு.

வாரச் சம்பளம் என்றால் 6 மாதத்துக்கு 26 பேஸ்லிப். ஒன்று தொலைந்தாலும் சம்பளப் பிரிவிலிருந்து நகல் வாங்கிவிடுங்கள். மொபைல் ஆப்பில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்மென்ட் என்று அனுப்ப வேண்டாம். பெயர், கணக்கு எண், வங்கியின் பெயர், தேதி, எல்லா வரவு செலவும் உள்ள முழு ஸ்டேட்மென்ட் தேவை.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் பெயர். இந்திய வங்கிக் கணக்கில் இனிஷியலோடு இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருக்கும், பிரிட்டன் பேஸ்லிப்பில் அப்பா பெயரே ஆளின் பெயராகிவிட்டிருக்கும். மூன்றும் ஒரே ஆள் என்று விளக்கக் கடிதத்தில் எழுதி, அதற்குச் சான்றும் வையுங்கள்.

சம்பளம் கையில் ரொக்கமாகத் தருகிறார்கள்.

வரி கட்டிய சம்பளம் என்றால் சேரும். ஆனால் அந்தப் பணம் வங்கியில் போடப்பட்டிருக்க வேண்டும். பேஸ்லிப்பில் நிகரம் 1,900 என்று இருந்து நீங்கள் வங்கியில் 1,200 மட்டும் போட்டு மீதியைச் செலவு செய்திருந்தால், வங்கியில் தெரிவதைத்தான் எடுப்பார்கள். விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த நாளிலிருந்து சம்பளம் முழுவதையும் கணக்கில் போட்டுவிட்டு, பிறகு எடுத்துச் செலவு செய்யுங்கள்.

மாமாவின் கடையில் வேலை செய்கிறேன். 6 மாத பேஸ்லிப் போதுமா?

பெரும்பாலும் போதாது. லண்டனிலும் பிற நகரங்களிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் மிக அதிகமாகச் சறுக்கும் இடம் இது.

கடை லிமிடெட் கம்பெனியாகப் பதிவாகியிருக்கிறது, நீங்கள் அதில் ஊழியர். அதன் பங்குகள் உங்களிடமோ, உங்கள் துணையிடமோ, நெருங்கிய உறவுகளிடமோ இருந்து, மீதிப் பங்குகள் (இருந்தால்) 5 பேருக்கும் குறைவானவர்களிடம் இருந்தால் விதிகள் அதைத் தனி வகைக் கம்பெனியாக வைக்கின்றன. உறவு என்றால் பெற்றோர், தாத்தா பாட்டி, பிள்ளை, பேரப்பிள்ளை, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மாமா சித்தப்பா, அத்தை சித்தி, அவர்களின் பிள்ளைகள், மருமக்கள் வரை. நீங்கள் இயக்குநராக இல்லாமல் வெறும் ஊழியராக இருந்தாலும் கூட இது பொருந்தும்.

அப்போது ஏ, பி பிரிவு கிடையாது. சுயதொழில் செய்பவருக்கான எஃப் அல்லது ஜி பிரிவில்தான் போக முடியும். 6 மாதம் என்ற கணக்குப் போய், கம்பெனியின் கடைசி முழு நிதியாண்டு என்ற கணக்கு வந்துவிடும். கார்ப்பரேஷன் டாக்ஸ் ரிட்டர்ன் (சிடி600), கம்பெனிப் பதிவு ஆவணம், ஆண்டுக் கணக்கு, கம்பெனியின் 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட் என்று மாமாவின் வியாபாரத்தின் உள்விவரம் முழுவதும் ஹோம் ஆபிஸ் (பிரிட்டன் உள்துறை) மேசைக்குப் போகும். மாமா அதற்குச் சம்மதிப்பாரா என்பதைக் கல்யாணத் தேதி குறிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. சம்மதம் இல்லையென்றால் வெளியே ஒரு வேலையில் சேர்ந்து 6 மாதம் ஓட்டுவது சுலபம்.

சுயதொழில் செய்கிறேன். எது வருமானம்?

வரிக்கு உட்பட்ட லாபம்தான் வருமானம், விற்றுமுதல் இல்லை. எஃப் பிரிவில் கடைசி முழு நிதியாண்டு, ஜி பிரிவில் கடைசி இரண்டு நிதியாண்டின் சராசரி. தனிநபர் சுயதொழிலுக்கு நிதியாண்டு ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை.

ஆவணங்கள்: வரித் துறையில் பதிவு செய்த சான்று, அந்த ஆண்டின் வரி ரிட்டர்ன், எஸ்ஏ302 (வரித் துறையின் வரிக் கணக்கீடு), தனிக் கணக்கும் வியாபாரக் கணக்கும் 12 மாதத்துக்கு, ஆண்டுக் கணக்கறிக்கை, தொழில் இப்போதும் நடக்கிறது என்பதற்கு ஆதாரம்.

டாக்சி ஓட்டுபவர்களும் டெலிவரி செய்பவர்களும் செலவைக் கூட்டிக் காட்டி வரியைக் குறைத்திருப்பார்கள். விற்றுமுதல் 45,000, லாபம் 17,000 என்று ரிட்டர்ன் போயிருக்கும். பிறகு விசாவுக்காக அந்த ரிட்டர்னைத் திருத்தி லாபத்தை ஏற்றினால், அது சந்தேகத்தைத்தான் வரவழைக்கும். அடுத்த நிதியாண்டை நேராகக் கணக்கு எழுதி, ஏப்ரல் 5 முடிந்ததும் ரிட்டர்னைச் சீக்கிரம் போட்டு வரியைக் கட்டிவிட்டு விண்ணப்பியுங்கள். ரிட்டர்னுக்கான ஜனவரி கெடுவரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சொந்த லிமிடெட் கம்பெனி வைத்திருப்பவருக்கு அந்த நிதியாண்டில் எடுத்த சம்பளமும் டிவிடெண்டும்தான் வருமானம். கம்பெனியில் விட்டுவைத்த லாபம் சேராது.

சம்பளம் போதவில்லை. சேமிப்பை வைத்து ஈடுகட்டலாமா?

ஈடுகட்டலாம். முதல் 16,000 பவுண்டு கணக்கில் வராது. அதற்கு மேல், ஆண்டு வருமானத்தில் குறைவது எவ்வளவோ அதைப் போல 2.5 மடங்கு வேண்டும். விசாக் காலம் சுமார் இரண்டரை ஆண்டு என்பதால் இந்தப் பெருக்கல்.

சம்பளம் 25,000 என்றால் குறைவது 4,000. அதன் 2.5 மடங்கு 10,000. 16,000ஐக் கூட்டினால் 26,000 பவுண்டு சேமிப்பு வேண்டும். சம்பளம் 27,500 என்றால் 19,750. வருமானமே இல்லையென்றால் 88,500.

விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதமும் அந்தத் தொகை கணக்கில் இருந்திருக்க வேண்டும். 6 மாதத்தில் மிகக் குறைந்த இருப்பு எதுவோ அதுதான் உங்கள் சேமிப்பு. ஒருநாள் கைமாற்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் போட்டாலும் அந்த ஒருநாள் இருப்பே கணக்கு. ரூபாயில் இருந்தால் விண்ணப்பத் தேதியன்று ‘ஓஆண்டா’ இணையதளம் காட்டும் மாற்று விகிதத்தில் பவுண்டாக மாற்றுவார்கள். ரூபாய் சரிந்தால் தொகையும் சரியும். தேவைக்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பிரிட்டனுக்கு அனுப்ப வேண்டியதில்லை, ஊர் வங்கியிலேயே இருக்கலாம். ஃபிக்ஸட் டெபாசிட்டும் சரி. அபராதத்தோடாவது உடனே உடைக்க முடியும் என்பது தெரிய வேண்டும்.

சேமிப்பை ஏ பிரிவோடும், வாடகை, ஓய்வூதியத்தோடும் சேர்க்கலாம். பி பிரிவில் முதல் சோதனைக்கு மட்டும் சேர்க்கலாம், 12 மாத மொத்தத்துக்கு முடியாது. சுயதொழில் வருமானத்தோடு சேர்க்கவே முடியாது.

அப்பா தரும் பணம், சீட்டுப் பணம், நகை?

அன்பளிப்பாக வந்த பணம் சரி, கடன் கூடாது. அப்பா தந்தால் அது உங்கள் அல்லது துணையின் பெயரிலுள்ள கணக்கில் 6 மாதம் இருக்க வேண்டும். திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அவர் எழுதிய கடிதமும், அவர் கணக்கிலிருந்து வந்த தடமும் வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று கணக்கு வைத்திருப்பவர் கையெழுத்திட்டு அறிவிப்பதும் கட்டாயம். அப்பாவோடு கூட்டுக் கணக்கில் இருப்பதை உங்கள் பணம் என்று காட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. தனிக் கணக்குக்கு மாற்றி அன்றிலிருந்து 6 மாதம் எண்ணுங்கள்.

சீட்டு எடுத்த பணமும் அப்படித்தான்: வங்கியில் விழுந்த நாளிலிருந்துதான் கணக்கு. எடுத்த சீட்டுக்கு இனிக் கட்ட வேண்டிய தவணை பாக்கி இருந்தால் அது கடனைப் போலத் தெரியும். முழுத் தவணையும் முடிந்த சீட்டாக இருந்தால் பிரச்சினை இல்லை. லாக்கரில் நூறு பவுன் நகை இருந்தாலும் அதற்கு மதிப்பு பூஜ்யம். விற்றால் வரும் பணத்தை வங்கியில் போட்டு 6 மாதம் பொறுக்க வேண்டும்.

ஊரில் மனை விற்றேன். அதற்கும் 6 மாதம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம், சலுகை உண்டு. அந்த 6 மாதம் தொடங்கியபோது நிலமோ வீடோ உங்கள் அல்லது துணையின் பெயரில் இருந்து, இடையில் விற்றுப் பணம் கணக்கில் வந்திருந்தால், சொத்தாக இருந்த காலமும் சேரும். கிரயப் பத்திரம், முன்பு உங்கள் பெயரில் இருந்ததைக் காட்டும் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பணம் வந்த ஸ்டேட்மென்ட் தேவை. தமிழில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தன் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம், தேதியோடு, சரியான மொழிபெயர்ப்பு என்று உறுதி கூறியிருக்க வேண்டும்.

ஊரறிந்த சங்கதி ஒன்று இங்கே இடிக்கும். 60 லட்சத்துக்கு விற்றுப் பத்திரத்தில் 25 லட்சம் என்று எழுதியிருந்தால் உங்கள் சேமிப்பு 25 லட்சம்தான். மீதி ரொக்கத்தைக் கணக்கில் போட்டால் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குக் காகிதம் இருக்காது. அப்பா பெயரில் உள்ள நிலத்தை விற்று உங்களிடம் தந்தால் அது அன்பளிப்பு. இந்தச் சலுகை கிடைக்காது.

வாடகை வருமானம்?

நீங்கள் குடியிருக்காத வீட்டின் வாடகை, கடந்த 12 மாதத்தில் வந்தது வரை சேரும். சொத்துப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், வாடகை விழுந்த 12 மாத ஸ்டேட்மென்ட் வேண்டும். குடியிருப்பவர் தந்த அட்வான்ஸ் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், அது வருமானமில்லை. ஊரிலிருக்கும் மாமனார் கையில் வாங்கிச் செலவு செய்த வாடகைக்கும் மதிப்பில்லை. வீடு அண்ணனோடு பொதுவில் இருந்தால் உங்கள் பங்கு மட்டும்.

நான் பிரிட்டிஷ் குடிமகன், இப்போது துணையோடு வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன்.

இருவரும் சேர்ந்து திரும்புவதானால் இரண்டு காகிதம் வேண்டும். வெளிநாட்டு வேலையில் தேவையான அளவு சம்பாதித்ததற்கு 6 மாதமோ (ஏ) 12 மாதமோ (பி) ஆதாரம். பிரிட்டனில் 29,000க்குக் குறையாத சம்பளத்தில், திரும்பிய 3 மாதத்துக்குள் தொடங்கும் உறுதியான வேலைக் கடிதம். இந்தியச் சம்பளம் பவுண்டில் 29,000 எட்டுவது அரிது. அவர்களுக்குச் சேமிப்பு வழியோ, ஸ்பான்சர் முன்னால் போய் 6 மாதம் வேலை பார்க்கும் வழியோதான்.

ஸ்பான்சருக்கு உடல்நலக் குறைவு. அரசு உதவி வாங்குகிறார்.

பிப், டிஎல்ஏ எனப்படும் ஊனமுற்றோர் உதவித்தொகைகள், முதியவருக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸ், பிறரைப் பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸ் போன்றவற்றில் ஒன்றை ஸ்பான்சர் பெற்றால் 29,000 பொருந்தாது. வரி, தேசியக் காப்பீடு, வீட்டுச் செலவு போக மீதி, ஒரு தம்பதிக்கு இன்கம் சப்போர்ட் (குறைந்த வருமானக்காரருக்கான அரசு உதவி) எவ்வளவோ அந்த அளவுக்குக் குறையக் கூடாது, அவ்வளவுதான். உடல்நலம் குறைந்த குழந்தையையோ பெற்றோரையோ பார்த்துக்கொண்டு கேரர்ஸ் அலவன்ஸ் வாங்குபவருக்கும் இது உண்டு. தெரியாமல் பல ஆண்டு காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெற்றோர் உத்தரவாதம் தந்தால்?

சாதாரணமாக ஏற்கமாட்டார்கள். வீட்டில் தங்க இடம் தருவது வேறு. அது தங்குமிட நிபந்தனைக்கு உதவும். 2017 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் எம்எம் (லெபனான்) வழக்கில் வருமான நிபந்தனை செல்லும் என்றது. ஆனால் குழந்தைகளின் நலனையும் வேறு நம்பகமான வருமான வழிகளையும் கவனிக்காதது தவறு என்றது. அதன்பின் அதே ஆண்டு ஆகஸ்டில் விதி மாறியது. மறுத்தால் குடும்பத்துக்கோ குழந்தைக்கோ நியாயமற்ற கடும் பாதிப்பு என்று காட்ட முடிந்தால் உறவினரின் உத்தரவாதத்தையும், வரப்போகும் வேலையையும் பார்ப்பார்கள். அப்படிக் கிடைக்கும் விசா, நிரந்தர உரிமைக்கு 5 ஆண்டு வழியில் இல்லாமல் 10 ஆண்டு வழியில் போகும். இதற்கு வழக்கறிஞர் இல்லாமல் இறங்க வேண்டாம்.

அகதி அந்தஸ்து உள்ளவருக்கு வருமான நிபந்தனை இல்லை என்றார்களே?

இருந்த வழி அது. அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு வழியில் கட்டணமும் இல்லை, வருமானமும் கேட்கவில்லை. 2025 செப்டம்பர் 4 முதல் அதில் புதிய விண்ணப்பம் ஏற்பது நிறுத்திவைக்கப்பட்டது. அதன்பின் இலங்கையிலிருந்து வந்து அகதி அந்தஸ்து பெற்றவரும் மனைவியை அழைக்க இதே 29,000 கணக்குக்குள்தான் வர வேண்டும். நிறுத்தத்துக்கு முன் கொடுத்த விண்ணப்பங்கள் பழைய விதிப்படியே பார்க்கப்படும்.

மொத்தச் செலவு?

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண்டு (2025 ஏப்ரல் 9 முதல்). மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035. 33 மாத விசாவுக்கு 3 ஆண்டாகக் கணக்கிட்டு 3,105. இரண்டும் சேர்ந்து 5,043. இதோடு ஏ1 நிலை ஆங்கிலத் தேர்வு, இந்தியா, இலங்கையிலிருந்து வருபவருக்குக் காசநோய்ப் பரிசோதனை (சான்று 6 மாதம் செல்லும்), மொழிபெயர்ப்பு. இந்தப் பணத்தைச் சேமிப்பாகக் காட்டும் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள், இருப்பு குறைந்துவிடும்.

மறுத்துவிட்டால்?

மருத்துவக் கட்டணம் திரும்பும், விண்ணப்பக் கட்டணம் போனது போனதுதான். வெளிநாட்டிலிருப்பவர் 28 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஹோம் ஆபிஸ் கணக்கைத் தவறாகப் போட்டிருந்தால் மேல்முறையீடு சரி. கடிதத்தில் ஒரு வரி இல்லை, ஒரு மாத பேஸ்லிப் இல்லை என்று மறுத்திருந்தால், குறையைத் தீர்த்துப் புதிதாக விண்ணப்பிப்பதே பெரும்பாலும் விரைவு. தீர்ப்பாயத்தின் தேதிக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டிவரும். விடுபட்ட ஆவணத்தைக் கேட்டு வாங்க கேஸ்வொர்க்கருக்கு அதிகாரம் உண்டு, கட்டாயம் இல்லை. கேட்பார் என்று நம்பி அனுப்பாதீர்கள்.

போலிப் பேஸ்லிப், இரவல் சேமிப்பு வேண்டவே வேண்டாம். ஹோம் ஆபிஸ் வரித் துறையின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஏமாற்று என்று முடிவானால் பத்தாண்டுத் தடை வரை போகலாம்.

விசா கிடைத்தாயிற்று. இனி வருமானம் பார்ப்பார்களா?

33 மாத விசா முடியும் முன் 30 மாத நீட்டிப்பு, 5 ஆண்டு முடிவில் நிரந்தர உரிமை. இரண்டு முறையும் பார்ப்பார்கள். ஆனால் வந்த துணை வேலைக்குப் போகலாம், அப்போது இருவர் சம்பளமும் சேரும்; ஒருவர் 16,000, மற்றவர் 13,000 என்றாலும் போதும். பிரசவ விடுப்பில் இருப்பவருக்கு விடுப்பு தொடங்கும் முன் இருந்த சம்பள நிலையை வைத்துக் கணக்கிடலாம். சேமிப்பைக் காட்டுபவருக்கு நீட்டிப்பில் அதே 2.5 மடங்கு, நிரந்தர உரிமையின்போது பெருக்கல் இல்லை, 16,000த்தோடு குறையும் தொகையைக் கூட்டினால் போதும். வருமானமே இல்லாதவருக்கு அது 45,000 பவுண்டு.